மகளின் முதல் எல்க்: எந்தத் தோட்டா?

என் முதல் எல்க்கை, அந்தப் பெரிய மானை, நான் சுட்டேன். ஆனால் அது எனக்குக் கிடைக்கவில்லை. கொலராடோ மலையில், நண்பர் ஒருவர் அன்போடு இரவல் கொடுத்த .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற வலிமைமிக்க தோட்டாவைச் சுடும் ரைஃபிளுடன் போயிருந்தேன். முந்தைய வாரம் பயிற்சித் திடலில் மூன்று முறை சுட்டுப் பார்த்தேன். நான்காவது முறை சுடத் தோள் சம்மதிக்கவில்லை. மலையில் பெண் எல்க் ஒன்று 180 கஜ தூரத்தில் பக்கவாட்டாக நின்றது. விசையை இழுத்த கணத்தில் என் கண்கள் மூடியிருந்தன என்பது வெடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. உதிர்ந்து கிடந்த ஆஸ்பென் இலைகளில் ஆங்காங்கே இரத்தத் துளிகள். இருட்டும்வரை தேடினோம், மறுநாள் முழுவதும் தேடினோம். ஓர் ஓடைக்கரையோடு தடம் நின்றுவிட்டது. குண்டு எங்கே பட்டது, அந்த எல்க் எத்தனை நாள் துன்பப்பட்டது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

இந்த ஆண்டு என் மகளுக்குப் பெண் எல்க் உரிமம் கிடைத்திருக்கிறது. அவளுக்கு வயது 13. அவளுக்கு எந்தத் தோட்டா என்ற கேள்வியை நான் ஆறு மாதமாகச் சுமந்துகொண்டிருப்பதற்கு அந்த ஓடைக்கரைதான் காரணம். இதே நிலையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று, நான் எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

வேட்டை என்றாலே முகம் சுளிக்கும் உறவினர்கள் எனக்கும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்பது குற்றமாகிவிட்ட நாட்டில் வளர்ந்தவன் நான். அந்தச் சட்டம் சரியானது என்றும் நம்புகிறேன். இங்கே நிலைமை வேறு. அமெரிக்க மாநிலங்களிலேயே எல்க் அதிகம் உள்ளது கொலராடோ. எத்தனை உரிமம், எந்தப் பகுதியில், ஆணா பெண்ணா என்று மாநில வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் கணக்கிட்டுத் தருகிறது. அந்த இறைச்சிதான் எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுவதும் குழம்பாகிறது.

எல்க்கைப் பார்த்திராதவர்கள் நம் கடமானை நினைத்துக்கொள்ளலாம். இலங்கையில் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்கள் அங்குள்ள மரையை, அதாவது கடமானை, ‘எல்க்’ என்றே எழுதிவைத்தார்கள். ஆனால் உண்மையான எல்க் அதைவிடப் பெரியது. வளர்ந்த பெண் எல்க் ஏறக்குறைய 225 கிலோ, ஆண் 320 கிலோ. தோள் எலும்பு தடித்தது, விலாவின் மேல் தசை அடர்ந்தது. நுரையீரலில் அடி வாங்கிய பிறகும் நூறு கஜம் நடந்துபோகும் பிடிவாதம் அதற்கு உண்டு. மானுக்குப் போதுமானது எல்க்குக்கும் போதும் என்று எண்ணக் கூடாது.

கொலராடோ சட்டம் ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கிறது. எல்க்குக்குக் குண்டின், அதாவது தோட்டாவிலிருந்து பறந்துபோகும் முனையின், விட்டம் குறைந்தது .24 அங்குலம், எடை குறைந்தது 85 கிரெயின் (ஐந்தரை கிராம்), 100 கஜத்தில் தாக்கு ஆற்றல் குறைந்தது 1,000 அடி-பவுண்டு (ஆற்றலை அளக்கும் அலகு). 12 வயதானால் பெருவிலங்கு வேட்டைக்குப் போகலாம். 16 வயதுக்குட்பட்டவருடன் தகுதி பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவை நான் ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி உதைப்பு. குண்டும் வெடிமருந்துப் புகையும் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே பாய்கிறது. எட்டாம் வகுப்பு அறிவியல்தான் இது. குண்டின் எடை, அதன் வேகம், மருந்தின் எடை, துப்பாக்கியின் எடை இந்த நான்கும் தெரிந்தால் தோளில் விழும் அடியைக் கணக்கிட்டுவிடலாம். தொலைநோக்கியோடு (ஸ்கோப்) சேர்த்து 3.6 கிலோ, அதாவது 8 பவுண்டு எடையுள்ள ரைஃபிளை வைத்து நான் போட்ட கணக்கு இது: 100 கிரெயின் குண்டுள்ள .243 வின்செஸ்டர் சுமார் 9 அடி-பவுண்டு உதைக்கும். 140 கிரெயின் 6.5 கிரீட்மோர் 12-க்குச் சற்றுக் குறைவு. 140 கிரெயின் 7எம்எம்-08 ரெமிங்டன் பன்னிரண்டரை. 150 கிரெயின் .308 வின்செஸ்டர் 15-க்குப் பக்கம். 130 கிரெயின் .270 வின்செஸ்டர் 16. 180 கிரெயின் .30-06 என்றால் 20. என் கண்ணை மூடவைத்த .300 மேக்னம் 27.

இந்த எண்களைப் படித்ததும் பலர் நேரே கடைக்குப் போய், சிறுவர்களுக்கென்று செய்த, கையில் எடுத்தால் இறகுபோல் இருக்கும் குட்டி ரைஃபிளை வாங்கிவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. அதே 7எம்எம்-08 தோட்டாவை 3 கிலோ ரைஃபிளில் போட்டால் உதைப்பு பன்னிரண்டரையிலிருந்து பதினைந்துக்கு ஏறிவிடும். கனமான ரைஃபிளில் .270 தரும் அடியும் ஏறக்குறைய அதுதான். மென்மையான தோட்டாவைத் தேடித்தேடி எடுத்துவிட்டு, அந்த மென்மையை மரக்கட்டையின் எடையில் தொலைத்துவிடுகிறோம். சிறுவர்களின் ரைஃபிளில் குறைய வேண்டியது தோளில் பதியும் அடிக்கட்டையின் நீளம், எடை அல்ல. மலையேறும்போது கனம் என்றால் நான் வாங்கிச் சுமக்கிறேன். சுடும்போது அந்தக் கனம் அவள் தோளுக்குத் தலையணை.

உதைப்புக்கு அஞ்சும் தோளைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, திடலில் மகள் .243-ஐச் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைச் செருகிக் கொடுத்தேன். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதில் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். குழலின் நுனி அசையவே இல்லை. ஸ்கோப்பின் குறுக்குக்கோடு நின்ற இடத்திலேயே நின்றது. “அப்பா, இது வெடிக்கவில்லை” என்று திரும்பினாள். அடுத்து அதே சோதனையை என் .30-06-இல் செய்தோம். ‘டிக்’ என்றதும் குழல் நுனி இரண்டு விரல்கடை கீழே முங்கியது, இடது தோள் முன்னே சரிந்தது, கண்ணிமை இறுகியது. வெடிக்காத தோட்டாவுக்கே அந்த நடுக்கம். அதை அவளும் பார்த்தாள். கண் கலங்கினாள். அன்றே .30-06-ஐப் பெட்டியில் பூட்டினேன்.

ஆகவே தேர்வு .243-இலிருந்து .308 வரை என்று சுருங்கியது.

.243 வின்செஸ்டர் 1955-இல் வந்தது. மான் வேட்டைக்கு இதைவிட இனிய தோட்டா எனக்குத் தெரியாது. சட்டப்படி எல்க்குக்கும் செல்லும். 100 கிரெயின் குண்டு 100 கஜத்தில் சுமார் 1,600, 200 கஜத்தில் 1,300 அடி-பவுண்டு வைத்திருக்கும். இதைக் கொண்டு எல்க்கை வீழ்த்தியவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல பருவம் கண்டவர்கள். சாதகமான கோணம் கிடைக்காவிட்டால் சுடாமல் வீடு திரும்பத் தெரிந்தவர்கள். முதல் வேட்டைக்கு வரும் குழந்தையிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமா? சற்றுச் சாய்ந்து நிற்கும் எல்க்கின் தோள் எலும்பில் பட்டால், இந்த மெல்லிய குண்டு உள்ளே போய்ச் சேருமா என்பது சந்தேகம். சுடுபவருக்குக் கனிவான தோட்டா, பிழையை மன்னிக்காத தோட்டா. மகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான். அப்படியும் இதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வீட்டில் .243 மட்டுமே இருக்கிறது, வேறு வாங்க வழியில்லை என்றால் நான் இந்த நிபந்தனைகளோடு ஒப்புக்கொள்வேன்: பெண் எல்க் மட்டும், 150 கஜத்துக்குள் மட்டும், முழுப் பக்கவாட்டில் மட்டும், ஆழமாக ஊடுருவும்படி கட்டிய குண்டு மட்டும்.

6.5 கிரீட்மோர் ஹார்னடி நிறுவனம் 2007-இல் இலக்குப் போட்டிகளுக்காக உருவாக்கியது. இன்று இது கிடைக்காத கடையே இல்லை. மெலிந்து நீண்ட குண்டு காற்றை எளிதில் கிழிக்கிறது. 143 கிரெயின் குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்பட்டு 300 கஜத்திலும் 1,650 அடி-பவுண்டு வைத்திருக்கிறது. எல்க்குக்கு 1,500 வேண்டும் என்பது இங்குள்ள வேட்டைக்காரர்கள் கைவசம் வைத்திருக்கும் பழைய கணக்கு, அதையும் தாண்டுகிறது. இதற்கு ஒரு மூத்த உறவும் உண்டு: 1890-களில் பிறந்த 6.5×55 ஸ்வீடிஷ். சுவீடனிலும் நார்வேயிலும் எல்க்கைவிடப் பெரிய மூஸ் மானை நூறாண்டுக்கு மேலாக அதைக் கொண்டுதான் வீழ்த்தி வருகிறார்கள். ‘ஆறரை மில்லிமீட்டர் சிறியது’ என்று சொல்பவர்களுக்கு அதுவே பதில். ஆனால் அங்கே 156 கிரெயின் எடையுள்ள கனத்த குண்டைப் பெரும்பாலும் காட்டுக்குள், கிட்டத்தில் வைத்துச் சுட்டார்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

கிரீட்மோரில் என்னைத் தயங்கவைத்தது தோட்டா அல்ல, அதைச் சுற்றி எழுந்திருக்கும் பேச்சு. 500 கஜம், 600 கஜம் என்று பேசுகிறார்கள். குழந்தையின் காதில் அது விழுந்துகொண்டே இருக்கிறது.

7எம்எம்-08 ரெமிங்டன் 1980-இல் வந்தது. .308-இன் பித்தளைக் கூட்டின் கழுத்தை 7 மில்லிமீட்டருக்குச் சுருக்கினால் இது. 140 கிரெயின், அதாவது 9 கிராம் குண்டை நொடிக்கு 2,800 அடி வேகத்தில் அனுப்புகிறது. செயலில் இது 1892-இன் 7×57 மௌசரின் மறுபிறவி. அந்தப் பழைய தோட்டா நமக்கும் அந்நியமல்ல. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகத் தந்த .275 ரிக்பி ரைஃபிள் சுடுவதும் அதே 7×57 தோட்டாவைத்தான். ரிக்பி நிறுவனம் ஆங்கிலேயர்களுக்காக அதற்குத் தன் பெயரைச் சூட்டிக்கொண்டது. சிறிய உடல்வாகும் துல்லியமான கையும் உள்ளவர்கள் பெருவிலங்குகளை 7 மில்லிமீட்டரால் வீழ்த்திய கதைகள் ஏராளம். அமெரிக்காவில் .270-இன் புகழ் பாடிய வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ’கானரின் மனைவி எலினார் விரும்பி எடுத்துச் சென்றதும் 7×57-தான்.

கிரீட்மோருக்கும் இதற்கும் உதைப்பில் உள்ள வேறுபாடு கண்ணைக் கட்டிக்கொண்டு சுட்டால் தெரியாது. நாங்கள் அதைச் சோதித்தும் பார்த்தோம்: ஒரே எடையுள்ள இரண்டு ரைஃபிள்களில் ஐந்தைந்து முறை. எது எது என்று மகளால் சொல்ல முடியவில்லை. குண்டின் விட்டத்தில் 7எம்எம்-08-க்கு அரை மில்லிமீட்டர் கூடுதல், புறப்படும் வேகமும் சற்றுக் கூடுதல். 200 கஜத்துக்குள் இது முன்னே நிற்கிறது. 400-ஐத் தாண்டினால் கிரீட்மோர். என் மகள் 400-இல் சுடப்போவதில்லை. மேலும் 120 கிரெயின் செம்புக் குண்டைப் போட்டால் 7எம்எம்-08-இன் உதைப்பும் கிரீட்மோரின் அளவுக்கு இறங்கிவிடும். குறை ஒன்று உண்டு: கடைத் தட்டில் கிரீட்மோர் பத்துப் பெட்டி இருந்தால் இது இரண்டு இருக்கும். தோட்டாத் தட்டுப்பாடு வந்தால் முதலில் காணாமல் போவதும் இதுதான். ஆகவே வாங்கும்போதே ஒரே வகையில் ஒரு பருவத்துக்கானதைச் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு .308 இருக்கிறது என்றால், புதிய ரைஃபிளுக்குச் செலவு செய்யும் முன் நில்லுங்கள். அதற்கென்று குறைந்த உதைப்புத் தோட்டாக்கள் விற்கிறார்கள். அவற்றில் பயிற்சி எடுக்கலாம். பிள்ளை வளர்ந்தபின் அதே ரைஃபிளில் முழு வலிமைத் தோட்டா போடலாம். ஆனால் மென்தோட்டாவில் சுடும்போது தூரத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். வேகம் குறைந்த குண்டு இலக்கை அடையும்போது விரியாமல் போகலாம். .270 என் மகளின் தோளுக்கு இன்னும் மூன்று ஆண்டு கழித்து.

குண்டைப் பற்றி ஒரு வார்த்தை. இதைத் தோட்டாவின் பெயரைவிட முக்கியமாக நினைக்கிறேன். 1946-இல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவில் சேறு பூசிய மூஸ் ஒன்றைச் சுட்டபோது, குண்டுகள் மேலேயே சிதறி உள்ளே போகாமல் நின்றுவிட்டன. அந்த ஏமாற்றத்திலிருந்துதான் அவருடைய பார்ட்டிஷன் குண்டு பிறந்தது: நடுவில் செம்புத் தடுப்பு, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உடையாமல் ஆழம் போகும். இன்று முழுச் செம்புக் குண்டுகளும் அதே வேலையைச் செய்கின்றன. சிறிய தோட்டாவை எல்க்குக்குப் போதுமானதாக ஆக்குவது இந்தக் கட்டுமானம். மலிவான மான்குண்டை நான் மகளின் ரைஃபிளில் போட மாட்டேன். செம்பையே தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஈயக் குண்டு உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இறைச்சியில் தங்கும். சாப்பிடுவது வளரும் பிள்ளைகள்.

மீதி எல்லாம் பொருத்தம். அடிக்கட்டையின் நீளம் பெரியவர்களுக்குப் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். மகளுக்குப் பன்னிரண்டரைதான் சரியாக அமைந்தது. நீளம் கூடினால் அவள் கழுத்தை நீட்டி, ஸ்கோப்பைக் கண்ணருகே கொண்டுவந்து, புருவத்தில் வெட்டு வாங்குவாள். செருகுதுண்டு வைத்து நீட்டக்கூடிய கட்டை கிடைத்தால் வாங்குங்கள், பிள்ளைகள் வளர்கிறார்கள். காதில் நுரை அடைப்பான், அதன்மேல் காதுமூடி என்று இரண்டையும் போடவைக்கிறேன். தோள் அஞ்சுவதில் பாதி உண்மையில் காது அஞ்சுவதுதான். குழல் நுனியில் உதைப்பைக் குறைக்கும் துளையிட்ட மூக்கை மாட்டச் சொன்னார்கள். உதைப்பு குறையும், சத்தம் பக்கவாட்டில் அறையும். மலையில் காதுமூடி இல்லாத ஒரு கணம் வந்தே தீரும். அதனால் அதை மாட்டவில்லை.

நாங்கள் வாங்கியது 7எம்எம்-08, தொலைநோக்கியோடு 3.5 கிலோ. ஜூனிலிருந்து வாரத்துக்கு நான்கு நாள் .22-இல் சுடுகிறாள், உதைப்பே இல்லாத அந்தச் சின்னத் தோட்டாவில்தான் விரலும் மூச்சும் பழகுகின்றன. வாரம் ஒரு நாள் மட்டும் பெரிய ரைஃபிள், அதுவும் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் இல்லை. மேசையில் வைத்துச் சுடுவதைக் குறைத்துவிட்டோம். மேசையோடு நெஞ்சை அழுத்தும்போது உடம்புக்குப் பின்னே போக இடமில்லை, அடி முழுவதும் தோளில் தங்குகிறது. தரையில் அமர்ந்து, கவைக்கோலில் குழலைத் தாங்கி, காகிதத் தட்டைச் சுடுகிறாள். எல்க்கின் நெஞ்சுக்கூட்டில் நாம் குறிவைக்க வேண்டிய இடம் கூடைப்பந்தைவிடப் பெரியது. தட்டு அதைவிடச் சிறியது என்பதால் அதை வைத்துக்கொண்டோம்.

இலக்கின் தூரத்தை விற்பனை அட்டவணை தீர்மானிக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். பத்துக்கு ஒன்பது தட்டில் விழும் தூரம் எதுவோ அதுவே எல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை 200 கஜத்தில் ஏழு விழுந்தது, 150-இல் ஒன்பது. அவளே நோட்டுப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடிட்டாள். இந்த அக்டோபரில் எங்கள் எல்லை 150 கஜம்.